கண் வரையாத முகம்: எடின்பரோவில் இருக்கும் ஒரு நிழலுருவ ஓவியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில், குயின் வீதியில், சிவப்பு மணற்கல்லால் கட்டிய பெரிய கட்டடம் ஒன்று உண்டு. ஸ்காட்லாந்து தேசிய உருவப்படக் காட்சியகம். 1889இல் திறந்தது. உருவப்படங்களுக்கென்றே தனியாகக் கட்டப்பட்ட காட்சியகங்களில் உலகிலேயே இதுதான் முதல் என்பார்கள். அதன் சேகரிப்பில் ராபர்ட் பர்ன்ஸ் என்ற கவிஞரின் பக்கவாட்டு முகம் ஒன்று இருக்கிறது. 1787இல் ஜான் மையர்ஸ் வரைந்தது. கையடக்கமான படம். முகம் முழுக்கக் கறுப்பு. கண், காது, புருவம் எதுவும் கிடையாது.

இந்தப் படத்தை யாரிடம் காட்டினாலும் கேள்விகள் வரிசையாக வரும். அந்தக் கேள்விகளும் எனக்குத் தெரிந்த பதில்களும் இதோ.

இது வரைந்ததா, காகிதத்தைக் கத்தரித்து ஒட்டியதா?

வரைந்தது. நிழலுருவம் என்றதும் நமக்குக் கத்தரிக்கோலும் கறுப்புக் காகிதமும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்த வகையும் உண்டு, பெரும்பாலும் பிறகு பரவியது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் பெயர் வாங்கியது தூரிகையால் தீட்டிய வகை. அட்டைமேல், தந்தத்தின்மேல், கண்ணாடியின் பின்பக்கத்தில் என்று பலவற்றில் தீட்டினார்கள். மையர்ஸுக்குப் பிடித்தது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். முட்டை வடிவத்தில் மெல்லிய வில்லையாக வார்த்து, அதன் வெள்ளைப் பரப்பில் கறுப்பால் வரைவார். கை உடைந்தால் கட்டுப் போடுகிறார்களே, அதே மாவுதான்.

தமிழில் இதை என்னவென்று சொல்வது?

நான் நிழலுருவம் என்கிறேன். சிலர் ஒலிபெயர்த்து ‘சில்லூட்’ என்று எழுதுகிறார்கள், அதிலும் தவறில்லை. ஆனால் நம்மிடம் இன்னும் பொருத்தமான இரண்டு சொற்கள் இருந்தன, இரண்டையும் கேமராவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டோம்: நிழற்படம், புகைப்படம். கேமரா பிடிப்பது ஒளியை. புகைக்கும் அதற்கும் என்ன உறவோ தெரியவில்லை! இங்கேயோ மனிதரின் நிழலைப் பிடித்து, விளக்குப் புகையில் படிந்த கரியால் தீட்டியிருக்கிறார்கள். நிழலும் அசல், புகையும் அசல். இனிமேல் பெயரைத் திருப்பி வாங்க முடியாது, விடுங்கள்.

மையர்ஸ் காலத்து ஆங்கிலேயர்களும் ‘சில்லூட்’ என்று சொன்னதில்லை. அவர்களுக்கு இது ‘ஷேட்’, அதாவது நிழல். இல்லாவிட்டால் ‘ப்ரொஃபைல்’.

அப்படியானால் ‘சில்லூட்’ எங்கிருந்து வந்தது?

ஒரு நிதியமைச்சரைக் கேலி செய்ததிலிருந்து. எத்தியென் த சில்லூட் 1759 மார்ச்சில் பிரான்சின் நிதிப் பொறுப்புக்கு வந்தார். ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், கஜானா காலி. பணக்காரர்கள்மேல் வரி போடப் பார்த்தார். விடுவார்களா? அதே ஆண்டு நவம்பரில் பதவி போயிற்று. அதன் பிறகு பாரீஸில் மலிவானது, அரைகுறையானது எல்லாமே ‘சில்லூட் பாணி’ ஆகிவிட்டது. சட்டைப் பை இல்லாத கால்சராய்கூட. காசு இல்லாதவர் வரைந்துகொள்ளும் நிழல் படத்துக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவரே பொழுதுபோக்காக நிழல் படம் வெட்டினார் என்றும் ஒரு கதை உலவுகிறது. எனக்குக் கேலிக் கதைதான் நம்பும்படி இருக்கிறது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் ஊன்றியது 1820களுக்குப் பிறகு. ஊன்ற வைத்தவர் ஒகுஸ்த் எதுவார் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் கதை சோகமானது, கடைசியில் வருகிறேன்.

பர்ன்ஸ் அப்போது அவ்வளவு பிரபலமா?

ஆமாம், புத்தம் புது பிரபலம். 1786இல் முதல் கவிதைத் தொகுப்பு கில்மார்னக் என்ற ஊரில் அச்சாகிறது. குத்தகை நிலத்தில் ஏர் ஓட்டிய குடும்பம். அதே ஆண்டு நவம்பரில் எடின்பரோவுக்கு வருகிறார், பெரிய வீட்டு வரவேற்பறைகள் அவரைக் கொண்டாடுகின்றன. 1787இல் அடுத்த பதிப்பு. அதே ஆண்டில் அலெக்சாண்டர் நேஸ்மித் அவரை எண்ணெய் வண்ணத்தில் வரைகிறார். இன்று டீ டப்பா முதல் விஸ்கி லேபிள் வரை நாம் பார்க்கும் பர்ன்ஸ் முகம் அந்த நேஸ்மித் முகம்தான்.

மையர்ஸ் 1758இல் லீட்ஸ் நகரத்தில் பிறந்தவர். பர்ன்ஸை விட ஒரு வயதுதான் மூத்தவர். ஊர் ஊராகப் போய் நிழலுருவம் வரைந்தபடி 1786 வாக்கில் எடின்பரோவுக்கு வந்து சேர்ந்தார். 1788இல் லண்டனுக்குப் போய்விட்டார். ஆக, இருவரும் ஒரே ஊரில் இருந்தது கொஞ்ச காலம்தான்.

எப்படித்தான் வரைந்தார்கள்?

அந்தக் காலத்துப் பொதுவான முறை இது. நாற்காலியில் ஆளைப் பக்கவாட்டில் உட்கார வைப்பார்கள். ஒரு பக்கம் மெழுகுவர்த்தி. மறுபக்கம், கன்னத்தை ஒட்டினாற்போல், எண்ணெய் தடவிய காகிதம் மாட்டிய சட்டம். நிழல் காகிதத்தில் விழும். வரைபவர் காகிதத்துக்கு அந்தப் பக்கம் நின்று பென்சிலால் ஓரத்தைப் பின்தொடர்வார். தோல்பாவைக் கூத்தில் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறோமே, அந்த இடத்தில்தான் அவர் நிற்கிறார். ஆட்டுகிற பாவை மட்டும் உயிருள்ள மனிதர், மூச்சடக்கி அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்.

கிடைப்பது ஆளின் தலையளவுக்கே பெரிய கோட்டுருவம். அதைச் சுருக்கப் பாண்டோகிராஃப். நான்கு சட்டங்களை மூட்டுப் போட்டுக் கோத்த கருவி அது. ஒரு முனையைப் பெரிய படத்தின் கோட்டின்மேல் நகர்த்தினால், மறுமுனையில் இருக்கும் பென்சில் அதே கோட்டைச் சிறிதாகப் போடும். 1603இலேயே கிறிஸ்தோஃப் ஷைனர் என்ற ஜெர்மானியப் பாதிரியார் இதைக் கண்டுபிடித்துவிட்டார்.

தன்னுடையது ‘முற்றிலும் புதிய முறை’ என்று மையர்ஸ் விளம்பரம் செய்தார். உட்கார வேண்டிய நேரம் 3 நிமிடம் என்றும் அச்சிட்டுக் கொடுத்தார். எண்ணெய் ஓவியத்துக்கு நாள்கணக்கில் உட்கார்ந்து முதுகு வலித்தவர்களுக்கு அந்த 3 நிமிடம் எப்பேர்ப்பட்ட விளம்பரமாக இருந்திருக்கும்!

வீட்டில் செய்து பார்க்கலாமா?

தாராளமாக. ஒரு நாள் மின்வெட்டில் அக்கா மகனை உட்கார வைத்து நான் முயன்றேன். முதல் தடவை தோல்வி. மெழுகுவர்த்தியிலிருந்து ஒரு மீட்டரில் பையன், அவனுக்கு அரை மீட்டர் தள்ளிச் சுவர். நிழல் ஒன்றரை மடங்கு ஊதிப்போய் விழுந்தது. அதைவிட மோசம், ஓரமெல்லாம் கலங்கல். மூக்கு நுனி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. காரணம் சுடர்தான். அது புள்ளி இல்லை, ஒரு சென்டிமீட்டர் அகலமாவது இருக்கும். அந்த அகலம் நிழலின் ஓரத்தில் அரை சென்டிமீட்டர் மங்கலாக வந்து நிற்கிறது. பையன் மூக்கில் அரை சென்டிமீட்டர் போனால் மிச்சம் என்ன இருக்கும்?

பிறகு அவனைச் சுவரோடு ஒட்டி, பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் உட்கார வைத்தேன். மங்கல் ஒரு மில்லிமீட்டராகக் குறைந்தது. உதடு பிரிவது தெரிந்தது, மேலுதட்டுக்கு மேலே இருக்கும் பள்ளம்கூடத் தெரிந்தது. காகிதத்தை ஏன் கன்னத்தோடு ஒட்டி வைத்தார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அப்புறம் அவன் சிரித்துவிட்டான். எல்லாம் போச்சு.

செல்போன் டார்ச்சில் செய்தால் ஓரம் இன்னும் கூர்மையாக வரும். அதன் விளக்கு அவ்வளவு சிறியது.

எல்லாவற்றையும் கருவியே செய்துவிட்டால் ஓவியருக்கு என்ன வேலை?

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனையும் எழுத உட்கார்ந்தேன்.

முகக்கோடு கருவி தந்தது, சரி. ஆனால் நிழலில் தலைமுடி எப்படி விழும்? ஒரு மொத்தை. கழுத்தில் கட்டிய மஸ்லின், சட்டையின் முன்பக்கச் சுருக்குத் துணி, தொப்பி நாடா எல்லாமே மொத்தை. அங்கே கருவிக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கை தொடங்குவது அந்த இடத்தில்தான்.

மையர்ஸின் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் முகம் ஒரே அடர்ந்த கறுப்பு. நெற்றி தாண்டி முடியை அடைந்ததும் கரியில் நீர் கூடுகிறது. கறுப்பு சாம்பலாகிறது, சாம்பல் புகையாகிறது, கடைசி இழைகள் வெள்ளைப் பிளாஸ்டரில் இருந்தும் இல்லாமலும் முடிகின்றன. சுருக்குத் துணியைப் புள்ளிகளாலும் மயிரிழைக் கோடுகளாலும் போட்டிருப்பார். மஸ்லின் மஸ்லினாகவே தெரியும், வழியாகப் பார்க்கலாம் போல. இத்தனைக்கும் ஒரே ஒரு நிறம். அதில் எவ்வளவு தண்ணீர் என்பது மட்டும்தான் மாறுகிறது. கரியைப் பீரில் குழைத்தார்கள் என்று ஒரு செய்முறையும் சொல்வதுண்டு. வீட்டில் கண்மை செய்து பார்த்தவர்களுக்கு விளக்குக் கரி எவ்வளவு நைசாக இருக்கும் என்று தெரியும்.

அதனால் என் சிபாரிசு இது: நிழலுருவத்தில் முகத்தை நேரே பார்க்காதீர்கள். அது யார் கருவி வைத்திருந்தாலும் ஏறக்குறைய வந்துவிடும். முடி முடியும் இடத்தைப் பாருங்கள். நல்ல கைக்கும் சுமாரான கைக்கும் அங்கே வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

பர்ன்ஸின் கண்ணே தெரியாதபோது இது பர்ன்ஸ் என்று எப்படிச் சொல்வது?

வேடிக்கை என்னவென்றால் பர்ன்ஸின் கண்தான் பேர்போனது. பின்னாளில் பெரிய நாவலாசிரியரான வால்டர் ஸ்காட் 15 வயதுப் பையனாக இருக்கும்போது எடின்பரோவில் ஒரு வீட்டில் பர்ன்ஸைப் பார்த்திருக்கிறார். பெரிய, கருமையான கண்கள், உணர்ச்சியோடு பேசும்போது உண்மையிலேயே கனன்றன, அப்படியொரு கண்ணை வேறு எவரிடமும் கண்டதில்லை என்று நாற்பது ஆண்டுகள் கழித்தும் நினைவுகூர்ந்தார். அந்தக் கண் மையர்ஸிடம் இல்லை. நிழலுக்குக் கண் கிடையாது.

ஆனால் கண் வரைகிற ஓவியர் கொஞ்சம் தாராளமாகவும் இருந்துவிடுவார். கன்னத்தை மழித்து, தாடையை இழுத்துக்கட்டி, காசு கொடுப்பவர் மனம் கோணாமல் முடிப்பார். நிழலிடம் அந்தச் சலுகை இல்லை. நெற்றியின் சாய்வு, மூக்குத் தண்டு, உதட்டுக்கும் தாடைக்கும் உள்ள இடைவெளி எல்லாம் இருந்தது இருந்தபடி விழும். வாசலில் யாரோ வருகிறார், வெளிச்சம் பின்னால் இருக்கிறது, முகம் தெரியவில்லை, ஆனாலும் ‘மாமா வர்றார்’ என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா? அதே கணக்குதான். நேஸ்மித் தந்தது ஒரு நண்பரின் அன்பு கலந்த பர்ன்ஸ். அளவெடுத்த பர்ன்ஸ் வேண்டுமென்றால் மையர்ஸிடம்தான் வரவேண்டும்.

இந்தப் படத்தோடு ஒரு பெண்ணின் நிழலுருவத்தையும் சேர்த்துச் சொல்கிறார்களே, யார் அவர்?

ஆக்னஸ் மக்லிஹோஸ். கணவரைப் பிரிந்து எடின்பரோவில் பிள்ளைகளோடு வாழ்ந்தவர். 1787 டிசம்பரில் ஒரு தேநீர் விருந்தில் பர்ன்ஸைச் சந்தித்தார். அடுத்த சில நாளில் பர்ன்ஸ் வண்டியிலிருந்து விழுந்து முழங்காலில் அடி. நேரில் போக முடியாது. விளைவு, கடிதம் மேல் கடிதம். ஊர் வாய்க்குப் பயந்து அவர் ‘கிளாரிண்டா’, இவர் ‘சில்வாண்டர்’ என்று புனைபெயர். கணவர் ஜமைக்காவில் உயிரோடு இருக்கிறார், ஆகவே கடிதத்தைத் தாண்டுவது சிரமம்.

1788 தொடக்கத்தில் கிளாரிண்டா மையர்ஸிடம் போய் உட்கார்ந்தார். பர்ன்ஸ் கேட்டுக்கொண்டதால்தான். போனதற்கு நன்றி சொல்லிவிட்டு, அடுத்த வார நடுவுக்குள் முடித்துத் தரும்படி மையர்ஸை விரட்டச் சொல்லி எழுதுகிறார். எதற்கு அவசரம்? மார்பில் குத்திக்கொள்ளும் ஊசிப் பதக்கத்தில் பதிக்க வேண்டுமாம், நெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்குமாம். கவிஞர்கள்!

கண் இல்லாத படத்துக்கு இங்கே ஒரு வசதியும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். வண்ணத்தில் வரைந்த முகத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு போனால் தெருவில் எல்லோருக்கும் தெரியும். நிழல் என்றால், தெரிந்தவருக்கு மட்டும் தெரியும்.

1791 முடிவில் பர்ன்ஸ் அவருக்கு ஒரு பிரிவுப் பாட்டு எழுதினார், ஸ்காட்லாந்தில் இன்றும் பாடுகிறார்கள். பர்ன்ஸ் 1796இல் 37 வயதில் இறந்துவிட்டார். கிளாரிண்டா 1841 வரை இருந்தார். அவருடைய நிழலுருவமும் அதே காட்சியகத்தில் இருக்கிறது.

பதக்கத்துக்குள் போகும் அளவுக்கா சிறிதாக வரைவார்கள்?

மோதிரத்துக்குள்ளேயே போகும். தந்தத்தில் வரைந்து, மேலே கண்ணாடி வைத்து அடைத்துத் தருவார்கள். லண்டனுக்குப் போன பிறகு மையர்ஸ் நகைகளையும் விற்றார்.

இந்த ஒரு படம்தானா, வேறு பிரதிகள் இருக்குமா? அசல் எது?

மையர்ஸ் முதலில் எடுத்த பெரிய நிழல்களைத் தூக்கிப்போடுவதில்லை. பத்திரப்படுத்தி வைத்திருப்பதாகவும், ஒரு முறை உட்கார்ந்தவருக்கு எத்தனை பிரதி வேண்டுமானாலும் தர முடியும் என்றும் தன் லேபிளிலேயே அச்சிட்டிருந்தார். ஸ்டுடியோவில் நெகட்டிவ் எண் சொல்லிப் பிரதி கேட்போமே, அந்த ஏற்பாடு, போட்டோ பிறப்பதற்கு 50 ஆண்டுக்கு முன்பே.

அதைவிட ருசியான சலுகை ஒன்று. உங்களிடம் பழைய நிழல் இருந்தால் கொண்டு வாருங்கள், ‘இன்றைய ரசனைப்படி உடுத்தி’ வேண்டிய அளவில் தருகிறேன் என்கிறது அதே லேபிள். அதாவது பாட்டியின் முகக்கோடு, பேத்தி காலத்து உடை! முடியும் துணியும் ஓவியர் கையில்தான் இருந்தன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அசல் எது என்று தேடுவதில் பொருளில்லை. ஒவ்வொன்றையும் புதிதாகத் தீட்ட வேண்டும், ஆகவே ஒவ்வொன்றும் அசல்தான்.

இது ஏழைகளின் கலையா?

எண்ணெய் ஓவியத்துக்கும் வண்ண மினியேச்சருக்கும் (கையடக்கச் சிற்றோவியம்) பணம் போதாத வியாபாரிகள், பாதிரியார்கள், கடற்படை அதிகாரிகள் இதை விரும்பினார்கள். கூலிக்காரர் எட்டும் பொருள் இல்லை, குறைந்தது மையர்ஸின் பிளாஸ்டர் படம் இல்லை. அரண்மனையிலும் இந்தப் பைத்தியம் இருந்தது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மகள் எலிசபெத் தானே நிழலுருவம் வெட்டிக்கொண்டிருந்தார்.

முகக்கோட்டை வைத்துக் குணம் சொன்னார்களாமே?

சொன்னார்கள். சூரிச் நகரத்துப் பாதிரியார் லாவாட்டர் 1775 முதல் 1778 வரை நான்கு பெரிய தொகுதிகள் எழுதினார். நெற்றி இப்படி இருந்தால் அறிவு, தாடை இப்படி இருந்தால் பிடிவாதம் என்கிற ரகம். நிழல் எடுக்கும் நாற்காலியின் படமும் அதில் உண்டு. பின்னாளில் பெரிய ஜெர்மன் கவிஞரான கெதேகூட இளம் வயதில் அதில் பங்களித்தார். ஐரோப்பா முழுக்க நிழலுருவ மோகம் பரவ அந்த நூல் பெரிய காரணம். விஷயம் வெறும் கட்டுக்கதை, பின்னால் இனவாதிகள் பிடித்துக்கொண்ட கட்டுக்கதையும்கூட.

பெண்கள் யாராவது இந்தத் தொழிலில் இருந்தார்களா?

நன்றாகவே இருந்தார்கள். நிழல் எடுக்கும் கருவிக்கு 1775இலேயே காப்புரிமை வாங்கியவர் சாரா ஹாரிங்டன் என்ற பெண். எனக்கு மிகவும் பிடித்தவர் இசபெல்லா பீத்தம். லண்டன் ஃப்ளீட் வீதியில் கடை. கணவர் நாடக நடிகர், துணி பிழியும் உருளை இயந்திரம் விற்றவர். மனைவியின் நிழலுருவம் ஒரு பக்கம், கணவரின் பிழி இயந்திரம் இன்னொரு பக்கம் என்று அந்தக் குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள்.

பீத்தம் புடைத்த கண்ணாடியின் உட்புறத்தில் தீட்டுவார். அப்படி வரைந்தால் படம் பின்னட்டையைத் தொடாது. வெளிச்சம் பட்டால் ஓவியத்தின் நிழல் அட்டையில் விழும். நிழலுக்கு ஒரு நிழல்! நம் ஊரில் தஞ்சாவூர், காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் மாட்டியிருக்கும் கண்ணாடி ஓவியமும் பின்புறம் தீட்டுவதுதான். முதலில் நகையின் மினுக்கு, கடைசியில் பின்னணி என்று வரிசையே தலைகீழ். கண்ணாடியில் வேலை செய்பவர்களுக்கு எந்த நாட்டிலும் அந்தத் தலைகீழ்க் கணக்குத் தப்பாது.

பீத்தம் ஓவியம் கற்றது ஜான் ஸ்மார்ட் என்ற மினியேச்சர் ஓவியரிடம் என்பார்கள். இந்த ஸ்மார்ட் நமக்கு அன்னியர் இல்லை. 1785இல் கப்பலேறிச் சென்னைக்கு வந்து 1795 வரை இங்கேதான் இருந்தார். ஆற்காட்டு நவாப் முகமது அலியை வரைந்தார். இங்கே வரைந்த படங்களில் தன் கையெழுத்தோடு இந்தியாவைக் குறிக்கும் ஓர் எழுத்தையும் சேர்த்துப் போடுவார்.

அமெரிக்காவில்?

அங்கே வெட்டும் வகைதான் ஓங்கியது. பிலடெல்பியாவில் சார்லஸ் வில்சன் பீல் என்ற ஓவியரின் அருங்காட்சியகத்தில் கருவி வைத்து நிழல் வெட்டிக் கொடுத்தவர் மோசஸ் வில்லியம்ஸ். பீல் வீட்டில் அடிமையாகப் பிறந்து வளர்ந்து, 1802 வாக்கில் விடுதலை பெற்றவர். படத்துக்கு 8 சென்ட். ஒரே ஆண்டில் 8,000க்கும் மேற்பட்ட முகங்களை வெட்டினார் என்பது பீல் கணக்கு. ஆனால் அந்தப் படங்களில் முத்திரையாக இருப்பது அருங்காட்சியகத்தின் பெயர், வில்லியம்ஸின் பெயர் இல்லை. பீல் பிள்ளைகளுக்கு எண்ணெய் ஓவியம் கற்றுத் தரப்பட்டது. வில்லியம்ஸுக்குக் கருவி.

ஒரு நிழலுருவத்தின் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

திருப்பிப் பாருங்கள். மையர்ஸ் போன்றவர்கள் சட்டத்தின் பின்னால் முகவரியோடு லேபிள் ஒட்டுவார்கள். லீட்ஸ் என்றால் தொடக்க காலம். எடின்பரோ என்றால் 1786 முதல் 1788. லண்டன் ஸ்ட்ராண்ட் வீதி 111 என்றால் 1791க்குப் பிறகு. கடை மாறினால் லேபிள் மாறும், அதை வைத்தே ஆய்வாளர்கள் ஆண்டு சொல்லிவிடுவார்கள். அதனால்தான் சட்டத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று பழைய பின்னட்டையைக் கிழித்துப்போடுபவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

லேபிள் இல்லாவிட்டால் தலைமுடி. 1780களின் பெண்களுக்குப் பரட்டையாகப் பெருத்த கூந்தல், அதன்மேல் பெரிய தொப்பி. 1800 தாண்டினால் கிரேக்கச் சிலை மாதிரி ஒட்ட வாரிய கொண்டை. ஆண்களுக்குப் பின்னால் ரிப்பன் கட்டிய வால் இருந்தால் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டு. 1795இல் பிரிட்டனில் பிரதமர் பிட்டின் அரசாங்கம், முடியில் தூவிக்கொள்ளும் தலைப் பவுடருக்கு ஆண்டுக்கு ஒரு கினி (அந்தக் காலத்துத் தங்க நாணயம்) வரி போட்டது. அதோடு பலர் பவுடரையும் வாலையும் சேர்த்தே விட்டார்கள். முடியில் வெண்கலப் பொடியின் தங்க மினுமினுப்பு தெரிந்தால் இன்னும் பிந்தியது. மையர்ஸிடம் வேலை பார்த்த ஜான் ஃபீல்ட் அதில் கைதேர்ந்தவர். 1821இல் மையர்ஸ் இறந்த பிறகு அவர் மகன் வில்லியமோடு சேர்ந்து அதே கடையை நடத்தினார்.

போலி நிறைய வருகிறதாமே?

வருகிறது. நானும் ஏமாந்திருக்கிறேன். இணையத்தில் பழம்பொருள் விற்கும் ஒருவரிடம் ‘கையால் வரைந்தது’ என்று நம்பி வாங்கினேன். சட்டம் பழசு, கறுப்புக் காகிதக்கூழ்ச் சட்டம், பித்தளை வளையம், எல்லாம் சரி. பூதக்கண்ணாடியில் பார்த்தால் முடி முழுக்க ஒரே அளவில் வரிசை வரிசையாகப் புள்ளிகள். அச்சடித்த படம்! தூரிகை ஒருபோதும் ஒரே அளவில் புள்ளி வைக்காது. சட்டம் மட்டும் இப்போது என் மேசையில் இருக்கிறது, அக்கா மகனின் நிழலை வைத்திருக்கிறேன்.

கறுப்பு மங்கிப் போகாதா?

கரி மங்காது. வெயிலில் எத்தனை வருடம் வைத்தாலும் கார்பன் கார்பன்தான். ஆபத்து வேறு இடங்களில். கரியைப் பிடித்துவைத்திருக்கும் பசை வலுவிழந்தால் கறுப்பு செதிலாக உதிரும். பிளாஸ்டருக்கு ஈரம் ஆகாது, பூஞ்சைக் கறை பிடிக்கும், கீழே போட்டால் இரண்டாகும். பழைய கண்ணாடி சில சமயம் தானே வியர்த்து, அந்த ஈரம் படத்தில் இறங்கும். தந்தமும் காகிதமும் உள்ள படங்களைக் காட்சியகங்கள் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கலான வெளிச்சத்தில் வைப்பதும் வழக்கம்.

வீட்டில் ஒன்று இருக்கிறது, ஈரத்துணியால் துடைக்கலாமா?

கூடாது. வேலை செய்தது தண்ணீர்தான், அழிப்பதும் தண்ணீர்தான்.

இந்தக் கலை ஏன் மறைந்தது?

1839இல் பாரீஸில் டகேரின் புகைப்பட முறை வெளியானது. கண்ணோடு, காதோடு, சட்டைப் பொத்தானோடு முகம் கிடைக்கும்போது நிழல் யாருக்கு வேண்டும்?

முன்பே சொன்ன எதுவார் அதே 1839இல்தான் அமெரிக்காவுக்குப் போனார். முழு உருவத்தையும் கறுப்புக் காகிதத்தில் வெட்டுபவர். முடிக்குப் பொன்பூச்சு, காதுக்குச் சிவப்புத் தோடு என்று நிழலுக்கு அலங்காரம் செய்பவர்களை அவருக்குப் பிடிக்காது, நிழல் நிழலாக இருக்க வேண்டும் என்பார். வெட்டிய ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பிரதியை ஆல்பத்தில் ஒட்டி, பெயர், ஊர், தேதி எழுதி வைத்தார். ஆயிரக்கணக்கில் சேர்ந்தது. 1849இல் ஐரோப்பாவுக்குத் திரும்பும்போது அவர் வந்த ‘ஒனைடா’ கப்பல் கெர்ன்சி தீவருகே பாறையில் மோதியது. அவர் பிழைத்தார், ஆல்பங்களில் பெரும்பகுதி கடலோடு போயிற்று. மிஞ்சியவற்றைத் தன்னை உபசரித்த தீவுக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டார். 1861இல் இறக்கும்வரை தொழிலுக்குத் திரும்பவில்லை என்கிறார்கள்.

நேரில் போய்ப் பார்க்க முடியுமா?

எடின்பரோ காட்சியகத்தில் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் இவ்வளவு சிறிய, நொய்ந்த படங்கள் எப்போதும் காட்சியில் இருக்காது, மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள். போகும் முன் அவர்களின் இணையப் பட்டியலில் பார்த்துவிடுங்கள். கையில் சின்னப் பூதக்கண்ணாடி இருக்கட்டும். குனிந்து பார்க்கும்போது உங்கள் தலையின் நிழலே கண்ணாடிமேல் விழுந்து மறைக்கும், கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள்.